வராதவர் சார்பில்

ஜூக்கீப்பர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது யார் தலைவர், யார் உயிரோடு இருக்கிறார், யாரிடம் எந்தப் பொறுப்பு என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது அதன் வேலை. பெரிய தரவு அமைப்புகள் பலவற்றின் அடியில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தரவிறக்கினால் கூடவே ஒரு மாதிரி அமைப்புக் கோப்பு வரும். தரவை எந்த டைரக்டரியில் வைப்பது என்று சொல்லும் வரி அதில் ஒன்று. அந்த வரியில் எழுதியிருப்பது ‘/டெம்ப்/ஜூக்கீப்பர்’. அதற்கு நேர் மேலே ஒரு குறிப்பு. அதன் சாரம் இதுதான்: தரவைச் சேமிக்க டெம்ப்பைப் பயன்படுத்தாதீர்கள், இங்கே சும்மா உதாரணத்துக்குப் போட்டிருக்கிறோம்.

இந்த இரண்டு வரிகளை வைத்து எங்கள் துறையில் நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். நானும்தான். ஆனால் கொஞ்ச நாளாக இது எனக்கு நகைச்சுவையாகத் தெரியவில்லை. ஒன்றைச் செய்யாதே என்று சொல்லிவிட்டு, அதையே செய்துவைத்துக் கையில் கொடுப்பவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? சொன்னதோடு அவர் கடமை முடிந்ததா?

டெம்ப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் வழிவந்த எல்லாக் கணினிகளிலும் இந்த டைரக்டரி இருக்கும். பெயருக்கேற்ற தற்காலிக இடம், திருமணமண்டபத்து அறை மாதிரி. லினக்ஸில் எதை எங்கே வைப்பது என்று வகுத்துச் சொல்லும் தரநிலை ஒன்று உண்டு, 1994இல் வேறு பெயரில் தொடங்கியது. ஒரு நிரல் ஒருமுறை ஓடி முடிந்து மறுபடி ஓடும்போது, டெம்ப்பில் போட்டது அங்கேயே இருக்கும் என்று நினைக்கவே கூடாது என்கிறது அது. நிலைத்திருக்க வேண்டிய தரவுக்கு ‘/வார்/லிப்’ இருக்கிறது. டெபியன் லினக்ஸ் வெகுகாலம் ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் டெம்ப்பைத் துடைத்துவிடும். ஃபெடோரா 2013இல் வந்த தன் 18ஆம் பதிப்பில் டெம்ப்பை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்துக்கே மாற்றியது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இன்று பல லினக்ஸ்களில் சிஸ்டம்டி என்ற ஏற்பாட்டின் கூட்டுநர் ஒருவர் இருக்கிறார். பத்து நாள் யாரும் தொடாத கோப்பு டெம்ப்பில் கிடந்தால் பெருக்கித் தள்ளிவிடுவார்.

இந்தப் பத்து நாள்தான் விஷயம். ஜூக்கீப்பர் கூட்டமாக ஓடும்போது ஒவ்வொரு கணினியின் தரவு டைரக்டரியிலும் ‘மைஐடி’ என்று ஒரு குட்டிக் கோப்பு வேண்டும். உள்ளே ஒரே ஓர் எண். நான் ஒன்று, நான் இரண்டு, நான் மூன்று. நிறுவும்போது எழுதுவது, தொடங்கும்போது ஒருமுறை படிப்பது, அதற்குப் பிறகு அதை யாரும் தொடுவதில்லை. தரவு டைரக்டரி டெம்ப்பில் இருந்தால் பதினோராம் நாள் அது இருக்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. எண் அதன் நினைவில் இருக்கிறது. நான்கு மாதம் கழித்து ஏதோ ஒரு சாதாரண மறுதொடக்கத்தின்போதுதான், தான் யார் என்று சொல்ல முடியாமல் அது விழித்துக்கொண்டு நிற்கும்.

ஜூக்கீப்பர் மட்டும் இப்படியில்லை. ஹடூப்பின் கோப்பு அமைப்பும், நாம் எதையும் மாற்றாவிட்டால், டெம்ப்புக்குள் ‘ஹடூப்’ என்பதோடு பயனர் பெயரை ஒட்டி ஒரு டைரக்டரி போட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைக்கும். ஹடூப் ஒரு பெரிய கோப்பை 128 எம்பி துண்டுகளாக வெட்டிப் பல கணினிகளில் பரப்பி வைப்பது. எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எது என்ற பதிவேடு நேம்நோட் என்ற ஒற்றைக் கணினியின் கையில். அந்தப் பதிவேடும் டெம்ப்பில். அது போய்விட்டால் மற்றக் கணினிகளில் துண்டுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தும் பயனில்லை. பிஎல்கே_1073741825 என்ற மாதிரிப் பெயர்களோடு லட்சக்கணக்கான துண்டுகள் கிடக்கும். அட்டையும் பக்க எண்ணும் கிழிந்த ஏடுகளை ஒரு நூலகம் நிறையக் கொட்டிவைத்ததுபோல.

காஃப்காவும் அப்படித்தான். மென்பொருளைச் சொல்கிறேன். எழுதுவதற்கென்றே செம்மைப்படுத்திய அமைப்பு என்பதால் ஓர் எழுத்தாளர் பெயரை வைத்தார்கள். அதன் மாதிரிக் கோப்பும் தரவை டெம்ப்பில்தான் வைக்கச் சொல்லும். தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொன்னவர் பெயரைத் தாங்கிய மென்பொருளுக்குப் பொருத்தமான இடம்தான், ஆனால் ஒரு மாக்ஸ் பிராட் உடன் இருக்க வேண்டுமே. ஜூக்கீப்பரை நம்பியிருந்த காஃப்கா பின்னாளில் அதைக் கழற்றிவிட்டு வேறு ஏற்பாட்டுக்கு மாறியது. புது ஏற்பாட்டின் மாதிரிக் கோப்புக்கும் டெம்ப் கூடவே வந்துவிட்டது.

இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. டெம்ப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு, அதுவும் நல்ல காரணம். முன்பின் தெரியாத ஒரு கணினியில், நிர்வாகியின் அனுமதி இல்லாமல், எந்தப் பயனரும் எழுத முடியும் என்று நிச்சயமாகச் சொல்லத்தக்க இடம் அது ஒன்றுதான். கல்லூரி ஆய்வகத்தில் சாதாரணக் கணக்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு ‘/வார்/லிப்’பில் எழுத அனுமதி கிடையாது. டெம்ப் அவளுக்குத் திறந்திருக்கிறது. இறக்கினாள், ஓட்டினாள், ஓடியது. தெரியாத ஊரில் ‘உள்ளே வாங்க, உக்காருங்க’ என்று சொல்வது போன்ற விருந்தோம்பல் அது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானே அப்படிப் பல மென்பொருள்களுக்குள் நுழைந்தவன்.

ஆனால் இவை பரவிய சேமிப்புக்கான மென்பொருள்கள். இவற்றின் பிழைப்பே ஒரு வாக்குறுதியில் நிற்கிறது: ஒரு கணினி செத்தாலும் உங்கள் தரவு சாகாது, மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறோம். மூன்று பிரதிகள் எப்போது காப்பாற்றும்? மூன்றும் தனித்தனிக் காரணங்களால் சாகும்போதுதான். ஒன்றின் வட்டு பழுதாகும், இன்னொன்றின் மின்விசிறி நிற்கும். விபத்துகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை என்ற நம்பிக்கை. டிஃபால்ட் அப்படியல்ல. மூன்று கணினியிலும் ஒரே வரி, ஒரே டைரக்டரி, ஒரே கூட்டுநர், ஒரே பத்து நாள். மின்சாரம் போய் மொத்த அறையும் அணைந்து எழுந்தால் மூன்று டெம்ப்பும் சேர்ந்தே துடைபடும். விபத்துகளைச் சமாளிக்க இத்தனை கணிதமும் உழைப்பும் செலவழித்துக் கட்டிய கோட்டையில், எல்லா வாசலுக்கும் ஒரே சாவியைச் செய்து வைத்ததுபோல அந்த ஒரு வரி.

டிஃபால்ட் என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ் மென்பொருள்களில் இதற்கு ‘இயல்புநிலை’, ‘முன்னிருப்பு’ என்று இரண்டு சொற்களைப் பார்க்கிறோம். இரண்டும் எனக்கு உவப்பில்லை. இயல்பு என்றதும் அது மழை மாதிரி, மண் மாதிரி தானே அமைந்ததாகிவிடுகிறது. முன்னிருப்பு என்றால் நாம் வருவதற்கு முன்பே இருந்தது, அவ்வளவுதான், வைத்தவர் காணோம். ஆங்கிலச் சொல்லில் ஒரு வெளிப்படையான சங்கடம் இருக்கிறது. கடனைக் கட்டத் தவறினாலும் டிஃபால்ட், வழக்குக்கு வாய்தா நாளில் ஆஜராகத் தவறினாலும் டிஃபால்ட். தவறுதல், இல்லாமல் போதல் என்பதுதான் அதன் அடி. நீங்கள் வரவில்லை, எனவே நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டது. நம் ஊர் நீதிமன்ற வாசலில் எக்ஸ்பார்ட்டி என்பார்களே, அது. மென்பொருளின் டிஃபால்ட்டும் அதுவே, வராதவர் சார்பில் இன்னொருவர் எடுத்த முடிவு. இயல்பாக எதுவும் அங்கே இல்லை. யாரோ ஒருவர் ஒரு பிற்பகலில் விசைப்பலகையில் தட்டியது அது.

வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். படித்திருக்கலாமே, குறிப்புதான் கண்ணுக்கு நேரே இருக்கிறதே? வண்டி நிறுத்துமிடங்களில் ‘ஹெல்மெட் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அங்கே ஹெல்மெட்டை வண்டியில் தொங்கவிட்டது நாம். இங்கே நம் ஹெல்மெட்டை வாங்கி மதில்மேல் வைத்தவரே, பக்கத்தில் நின்று பலகையும் எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு. மக்கள் டிஃபால்ட்டைச் சோம்பேறித்தனத்தால் மட்டும் விட்டுவைப்பதில்லை. பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலம். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஓய்வூதியச் சேமிப்பில் ஊழியர்களைத் தானாகவே சேர்க்கத் தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் எண்ணிக்கை எகிறியது. அது எதிர்பார்த்ததுதான். சுவாரஸ்யம் அடுத்தது. பெரும்பாலானோர் நிறுவனம் முன்கூட்டிப் போட்டு வைத்த 3 சதவீதப் பங்களிப்பிலும், அது முன்கூட்டிக் காட்டிய நிதியிலும் அப்படியே தங்கிவிட்டார்கள். நிறுவனம் அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறதே, ஏதோ யோசித்துத்தானே வைத்திருப்பார்கள் என்று அதை ஓர் அறிவுரையாகவே எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்கிறது ஆய்வு. 2003இல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் உடல் உறுப்பு தானத்தைப் பற்றி எழுதியதில், கேட்டால்தான் சேர்ப்போம் என்ற ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம், வேண்டாம் என்றால்தான் விடுவோம் என்ற ஆஸ்திரியாவில் 99.98. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மொழி. (இது சம்மதக் கணக்கு, நிஜமாக நடந்த தானக் கணக்கல்ல. இதை மேற்கோள் காட்டுபவர்கள் பல நேரம் அதை விட்டுவிடுகிறார்கள்.)

ஆக, கோப்பில் எழுதி வைத்த மதிப்பு வெறும் மதிப்பு அல்ல, தெரிந்தவர் சொன்ன ஆலோசனை. குறிப்பு ஒன்று சொல்கிறது, மதிப்பு இன்னொன்று சொல்கிறது. அப்பா சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே ‘இதெல்லாம் பழகாதே’ என்பது மாதிரி. பிள்ளை எதைக் கேட்கும்? குறிப்பு எழுதியவர்களை அந்தக் குறிப்பு விடுவிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்களுக்கு விளைவு முன்பே தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? வேறு பாதையில் போனவர்கள் இருக்கிறார்கள். மோங்கோடிபியை நேரடியாக ஓட்டினால் ‘/டேட்டா/டிபி’ என்ற டைரக்டரியைத் தேடும். அது இல்லையென்றால் அதை உருவாக்காது, வேறு இடமும் தேடாது. இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முதன்முறை ஓட்டுபவருக்கு இது எரிச்சல், சந்தேகமே வேண்டாம். ஆனால் நின்றது அவர் கண் முன்னால். தரவு என்று ஒன்று சேர்வதற்கு முன்னால்.

இதைவிட நுணுக்கமாக யோசித்தவர்கள் க்ளஸ்டர்எஃப்எஸ் ஆட்கள். அதைப் புரிந்துகொள்ள லினக்ஸின் ஒரு வினோதத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு வட்டை வாங்கிப் பொருத்தினால் அது தனியாக ஓர் எழுத்தோடு வராது. ஏற்கெனவே இருக்கும் ஒரு காலி டைரக்டரியின் மேல் அதை ஏற்றி வைக்க வேண்டும். மவுன்ட் என்போம். ‘/டேட்டா’ என்ற காலி டைரக்டரியில் நான்கு டிபி வட்டை ஏற்றினால், அதன்பின் அந்தப் பெயரில் எழுதுவதெல்லாம் அந்த வட்டுக்குப் போகும். ஒருநாள் கணினி எழும்போது வட்டு எழவில்லை என்று வையுங்கள். அடியில் இருந்த பழைய காலி டைரக்டரி அதே பெயரோடு அங்கேயே இருக்கும். பெயரை மட்டும் பார்க்கும் மென்பொருள் உள்ளே நுழைந்து, அடடா காலியாக இருக்கிறதே, புதுக் குடித்தனம் போல என்று எழுத ஆரம்பிக்கும். எழுதுவது இயங்குதளம் இருக்கும் சின்ன வட்டில். சில மணி நேரத்தில் அது நிரம்பி மொத்தக் கணினியும் படுத்துவிடும். அதற்கிடையில் மற்றக் கணினிகள், இவனிடம் இருந்ததெல்லாம் போய்விட்டது என்று பதறி, டிபி கணக்கில் தரவை மறுபடி பிரதியெடுக்கத் தொடங்கியிருக்கும். ஒரு கம்பி கழன்றதற்கு இத்தனை அமளி.

க்ளஸ்டரின் பரிந்துரை என்ன தெரியுமா? வட்டை ஏற்றிய டைரக்டரியில் நேராக எழுதாதீர்கள், வட்டுக்குள் இன்னொரு டைரக்டரி போட்டு அதைக் கொடுங்கள். அவ்வளவுதான். வட்டு எழவில்லை என்றால் உள்ளே இருக்கும் அந்த டைரக்டரியும் இருக்காது. மென்பொருள் தேடும், கிடைக்காது, நின்றுவிடும். வட்டை ஏற்றிய இடத்தையே கொடுத்தாலோ, இயங்குதள வட்டில் ஓர் இடத்தைக் கொடுத்தாலோ அது மறுக்கும். மீற வேண்டுமென்றால் கட்டளையின் கடைசியில் ‘ஃபோர்ஸ்’ என்று நீங்களே கைப்பட எழுத வேண்டும். மினியோவும் பல கணினிகளில் ஓடும்போது இயங்குதள வட்டை ஏற்றுக்கொள்ளாது. இருந்தால் உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பாதையின் பெயருக்கு இந்த நேர்மையைக் கொடுக்க ஒரே ஒரு அடுக்கு கூடுதல் போதுமாக இருக்கிறது. எனக்கு இது அழகாகப் படுகிறது.

அழகு எவ்வளவு நாள் தாங்கும் என்பது வேறு கதை. ஒற்றை வட்டோடு மடிக்கணினியில் பழகுபவர்களுக்காக எழுதும் பயிற்சிக் கட்டுரைகள் முதல் கட்டளையிலேயே ‘ஃபோர்ஸ்’ போடக் கற்றுத் தருகின்றன. எச்சரிக்கை ஒரு சடங்காகிறது. ரயில்வே கேட்டுக்கு அடியில் குனிந்து போவதுபோல, கை தானாகப் போடும்.

என் குழுவில் உள்வேலைக்காக ஒரு சேமிப்புக் கருவி எழுதியபோது இந்தச் சண்டை எங்களுக்கும் வந்தது. டிஃபால்ட் டைரக்டரி எது? என் சக ஊழியர், என்னைவிடக் கெட்டிக்காரர், ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ‘முதல் அஞ்சு நிமிஷத்துல ஓடலைன்னா எவனும் ரெண்டாவது தடவை தொடமாட்டான் பாஸ். டெம்ப்ல போடுங்க, பெருசா வார்னிங் போட்டுடலாம்.’ நான் கேட்டது இதுதான்: ‘அந்த அஞ்சு நிமிஷம் யாரோடது, ராத்திரி ரெண்டு மணி யாரோடது?’ நிறுவுபவரும், ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் எழுப்பப்படுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. முன்னவர் வேறு வேலைக்கே போயிருப்பார். அவருக்கும் அப்பால், அந்தத் தரவு யாரைப் பற்றியதோ அவர் இருக்கிறார். தன் மருத்துவ ஸ்கேனோ சம்பளக் கணக்கோ இந்த மென்பொருளில் இருப்பது அவருக்குத் தெரியாது, அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஐந்து நிமிடத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு பில்லை இன்னொருவருக்கு அனுப்புகிறோம். முகம் தெரியாதவர் என்பதால் அது அநியாயமாகத் தெரிவதில்லை.

அவர் விடவில்லை. ‘அப்போ மாணவி என்ன செய்வா?’ நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எனக்கு வால்ட் என்ற மென்பொருளில் கிடைத்தது. ரகசியங்களைச் சேமிக்கும் அமைப்பு. அதற்கு ‘டெவ்’ என்று ஒரு முறை உண்டு, பழகிப் பார்க்க. எந்த அமைப்பும் வேண்டாம், உடனே ஓடும். ஆனால் எல்லாம் நினைவகத்தில். நிறுத்திய நொடியில் அத்தனையும் காலி. டெம்ப்போடு ஒப்பிட்டால் இது இன்னும் மோசமான சேமிப்பு, ஆனால் நாணயமான சேமிப்பு. முதல் நாளே, தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டும்போதே தெரிந்துவிடும், இங்கே எதுவும் தங்காது என்று. டெம்ப்பின் குற்றம் அழிப்பது அல்ல. பத்து நாள் தங்குவதுதான்.

இதற்கெல்லாம் இவ்வளவு யோசனையா, பிற்பாடு மாற்றிக்கொள்ளலாமே என்றார் இன்னொருவர். மாற்றலாம், எதை என்பதைப் பொறுத்து. ஹடூப் தன் தரவு வட்டுகளுக்குள் துண்டுகளை அடுக்க ஒரு கட்டத்தில் 256க்கு 256 என்று டைரக்டரிகள் வைத்தது, வட்டு ஒன்றுக்கு 65,536 வரை. ஈஎக்ஸ்டி4 வட்டுகளில் அவற்றைச் சுற்றிவந்து எண்ணுவதற்குள் வட்டுக்கு மூச்சு வாங்கியது. பிறகு 32க்கு 32 ஆக்கினார்கள், மொத்தம் 1,024. மேம்படுத்தும்போது மென்பொருளே பழையதைப் புது அடுக்குக்கு மாற்றிக்கொண்டது. அது வீட்டுக்குள் அலமாரியை நகர்த்துவது. வீட்டு முகவரியை மாற்றுவது அப்படியில்லை. நாளைக்கே டிஃபால்ட்டை டெம்ப்பிலிருந்து எடுத்துவிட்டால், இதுவரை எதையும் மாற்றாமல் அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் மேம்படுத்திய காலையில் காலி டைரக்டரியைப் பார்ப்பார். கெட்ட டிஃபால்ட்டும் காலப்போக்கில் ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது. வைத்தவர்களால் எடுக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். எலாஸ்டிக்சர்ச்சைப் பொட்டலமாக இறக்கி விரித்தால் தரவு மென்பொருளின் வீட்டுக்குள்ளேயே சேரும். புதுப் பதிப்பு வந்ததும் பழைய வீட்டை இடித்தால் பாத்திரமும் சேர்ந்து போகும். அவர்கள் ஆவணமே அதை எச்சரிக்கிறது. மறுபடியும், குறிப்பு.

கடைசியில் நாங்கள் செய்தது இது. கருவிக்கு டிஃபால்ட் டைரக்டரியே கிடையாது. பாதை கொடுக்காவிட்டால் தொடங்க மறுக்கும். கொடுத்த பாதையில், முதல் தடவை நிறுவும்போது நாங்கள் போட்ட ஓர் அடையாளக் கோப்பு இல்லையென்றால் அப்போதும் மறுக்கும். பழகிப் பார்ப்பவர்களுக்கு நினைவகத்தில் மட்டும் ஓடும் ஒரு முறை உண்டு. சக ஊழியர் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு சிக்கலை அவரே கண்டுபிடித்தார். மறுக்கும்போது ஒரு செய்தி காட்ட வேண்டுமே, பாதையை இப்படிக் கொடுங்கள் என்று ஓர் உதாரணத்தோடு. அந்த உதாரணத்தில் எந்தப் பாதையைப் போடுவது? எதைப் போட்டாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டப்போகிறார்கள். நான் சுட்டுவிரலை நீட்டி ‘உங்கள் பாதை இங்கே’ என்று மட்டும் எழுதலாம் என்றேன். ‘அந்தப் பேர்லயே டைரக்டரி உருவாக்குவான் பாஸ்’ என்றார் அவர். மூன்று வாரமாக அந்தச் செய்தி இன்னும் முடிவாகவில்லை.